டீச்சர் வீட்டு முன்வாசலில் கட்டிய கயிறு

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து வித்யா என்னைப் பார்க்க வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். இப்போதெல்லாம் சின்ன வீடுகளுக்கு யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லையாம். வரைபடத்தைக் கணினியில் ஏற்றினால் முன்னால் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடுகிறதாம். நல்ல விஷயம்தான். வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "பழைய ஃபைல் ஒண்ணு பார்த்தேன் சார். மயிலாப்பூர்ல ஆறு சின்ன வீடு. அதுக்குப் போய் திரும்பத் திரும்ப சைட்டுக்குப் போயிருக்கீங்க. அப்படி என்ன சார் இருந்துச்சு அங்க?"

ஒரு கூடாரமும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருந்தன என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் உண்மையில் அதுதான் பதில். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவளிடம் முழுசாகச் சொல்ல முடியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பார்த்த வேலைக்குக் கட்டட அனுமதிப் பிரிவில் உதவியாளர் என்று பெயர். பாலிடெக்னிக் முடித்து உள்ளே வந்த புதிதில், டேப்பின் பூஜ்யம் இருக்கும் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே என் உத்தியோகம். மறுமுனையில் இருப்பவர்தான் அளவைப் படிப்பார். பல வருடம் பூஜ்யத்தைப் பிடித்த பிறகு என்னையும் படிக்க விட்டார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

அதன் பிறகு என் மேஜைக்கு வந்ததெல்லாம் விதித் தளர்வு மனுக்கள். வீடு கட்டினால் நாலு பக்கமும் இவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. மயிலாப்பூர், தி. நகர் மாதிரி இடங்களில் மனையோ நாடா மாதிரி நீளமாக இருக்கும். விதிப்படி விட்டால் நடுவில் படிக்கட்டுதான் மிஞ்சும். அதனால், இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று விண்ணப்பிப்பார்கள். உடனே அக்கம்பக்கத்தார் கூடாது என்று எழுதுவார்கள். இரண்டு பேரையும் கேட்டு, இடத்தைப் பார்த்து, குறிப்பு எழுதி மேலே அனுப்புவது எங்கள் பாடு.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அடுத்தவர் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்?

எல்லா எதிர்ப்பு மனுவிலும் ஒரே பல்லவி. காற்று வராது, வெளிச்சம் வராது, தீயணைப்பு வண்டி வராது. இந்த மூன்றில் ஒன்று இல்லாத மனுவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மனுவுக்குப் பின்னால் இருக்கும் மனிதருக்கு வேறு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருக்கும். அது என்ன என்று கண்டுபிடிக்கும் ஆசையை எனக்குள் ஏற்றிவிட்டவர் சரோஜா மேடம்.

எங்கள் பிரிவின் துணைத் திட்ட அலுவலர் அவர். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. கைப்பையில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கும். சைட்டில் இறங்கியதும் நல்ல செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு அதை மாட்டிக்கொள்வார். எதிர்ப்புச் சொன்னவர் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பார். விண்ணப்பித்தவர் வீட்டில் அதுவும் கிடையாது. மற்ற அதிகாரிகள் நேராக மனைக்குப் போய் அளக்க ஆரம்பிப்பார்கள். இவர் முதலில் எதிர்ப்புச் சொன்னவர் வீட்டுக்குள் போய், "நீங்க வழக்கமா எங்க உட்காருவீங்க?" என்று கேட்டு, அந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்வார்.

திருவான்மியூரில் ஒரு ஓய்வு பெற்ற வங்கிக்காரர், பக்கத்து வீட்டு மாடியால் கடல் காற்று நின்றுவிடும் என்று எழுதியிருந்தார். மேடம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஜன்னல் கடலுக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அதில் தெரிந்தது பஸ் நிலையம். பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வந்தது. அவர் மனைவி இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாலையில் அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இவர் பாலை அடுப்பில் வைப்பார். வீட்டுக்குள் நுழையும்போது காபி சூடாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வரைபடத்தில், பஸ் நிலையத்தை மறைக்கவிருந்த மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினார், எதிர்ப்பு வாபஸ். கடல் காற்றைப் பற்றி அப்புறம் யாருமே பேசவில்லை.

மேடத்திடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டப் போகும் வீட்டின் விளிம்பு எங்கெல்லாம் வருமோ அங்கெல்லாம் சவுக்குக் கம்பு நட்டு, பச்சை நைலான் கயிறு கட்டச் சொல்வார். கட்டிய கயிறு அடுத்த முறை நாங்கள் வரும்வரை அப்படியே இருக்க வேண்டும். "பேப்பர்ல வீடு எல்லாருக்கும் சின்னதாத்தான் தெரியும். ஒரு வாரம் அதைச் சுத்தி நடந்து பார்க்கட்டும்" என்பார். எந்த விதியிலும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கயிறு மேடம் என்று பெயர்.

இனி வித்யா கேட்ட ஃபைலுக்கு வருகிறேன்.

மந்தைவெளிக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு குறுகலான தெரு. ஒரு கார் போனால் எதிரே வரும் கார் பின்னால் போக வேண்டும். அங்கே ரெஜினா டீச்சருக்குப் பாட்டன் காலத்து மனை ஒன்று இருந்தது. கான்வென்ட் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனையின் பின்பாதியில் வரிசையாக ஆறு போர்ஷன். ஒன்றில் டீச்சர், மற்ற ஐந்தில் குடித்தனங்கள். ஆட்டோ ஓட்டும் குமார் குடும்பம், மீன் விற்கும் அம்மா ஒருவர், இப்படி. கடைசியாகக் குடிவந்தவள் செல்வி. கணவன் இல்லை, ஒரு பெண் இருந்தாள். அதே தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

முன்பாதி முழுவதும் காலி. சிமென்ட் பூசிய பெரிய முன்வாசல், ஓரத்தில் ஒரு பாதாம் மரம், மரத்தடியில் தெருவுக்கே துணி தேய்த்துக் கொடுக்கும் பழனியின் இஸ்திரி வண்டி.

போர்ஷன்கள் இடிந்துவிழும் நிலைக்கு வந்திருந்தன. டீச்சர் அதை இடித்துவிட்டு மூன்று தளத்தில் ஆறு சின்ன வீடு கட்டி, அதே குடித்தனங்களை அதே வாடகைக்கு வைத்துக்கொள்ள நினைத்தார். அந்த வட்டாரத்தில் அப்படி நினைக்கும் ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நாலு பக்கமும் விதிப்படி விட்டால் நாலு வீடுதான் வரும். முன்பக்கம் தளர்வு கிடைத்து, கட்டடம் கேட்டுவரை வந்தால் ஆறு வரும். கிடைக்காவிட்டால் கடைசியாக வந்த இரண்டு குடும்பங்கள் வெளியே போக வேண்டும். செல்வியும் குமாரும். வெளியே என்றால் பெரும்பாக்கத்துக்கும் அப்பால். செல்வி வேலை செய்யும் வீடுகளுக்கு அங்கிருந்து காலையில் வந்து சேர முடியாது.

எதிர்த்து எழுதியிருந்தவர் பக்கத்து அடுக்குமாடியில் முதல் மாடியில் குடியிருந்த வெங்கட்ராமன். மனைவியை இழந்தவர், மகன் வெளிநாட்டில். மனு அழகான கையெழுத்தில் இருந்தது. கட்டடம் கேட்டுவரை வந்தால் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது, மழைத் தண்ணீர் தேங்கும், தெருவின் பாதுகாப்பு கெடும்.

முதல் தடவை போனபோது மேடம் வழக்கம்போல அவர் நாற்காலியைக் கேட்டு உட்கார்ந்தார். அது பால்கனியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் டீச்சர் வீட்டு முன்வாசல் முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. கொடியில் துணி, மரத்தடியில் பழனி, காய்ந்த பாதாம் இலைகள்.

"முன்பக்கம் கட்டினா உங்க ஜன்னல் எதுவும் மறையலையே சார்?" என்றார் மேடம்.

"எனக்காக நான் எழுதலை. தெருவுக்காக எழுதினேன்" என்றார் அவர். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் தீயணைப்பு வண்டியிலிருந்து அவர் இறங்கவே இல்லை. அடுக்களையில் யாரோ பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாங்கள் மாடிப்படி இறங்கும்போது அந்த யாரோ பின்னாலேயே வந்தாள். செல்விதான். அவள் பாத்திரம் தேய்க்கும் மூன்று வீடுகளில் இவருடையதும் ஒன்று என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாமா நல்ல மனுசன் மேடம்" என்றாள் தணிந்த குரலில். "இன்னாத்துக்கு இப்டி எழுதிக் குடுத்தாருன்னு தெரியல. நானும் கேக்க மாட்டேன். நாங்க இங்க இருக்கக் கூடாதுன்னுதான்னு சொல்லிட்டாருன்னா, நாளைக்கு எப்டி அவரு ஊட்ல போய் பாத்திரம் தேய்க்கறது? பயமா கீது."

கீழே டீச்சரும் மனம் நொந்துதான் இருந்தார். இத்தனை வருடம் சுவருக்குச் சுவர் இருந்தவர், ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாமே என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு ஒன்று. புதுவீடு கிடைக்கப் போகிற குடித்தனக்காரர்கள் முகத்திலும் சந்தோஷம் இல்லை. குமாரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பார்த்தார். பிறகு முன்வாசலைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது சார்" என்றார், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்வாசலின் மதில் சுவரில், மரத்தை ஒட்டி, இடுப்பு உயரத்தில் ஒரு பெரிய பிளக் பாயின்ட். மழை படாமல் தகர மூடி போட்டிருந்தது. திறந்தவெளியில், மோட்டாரோ கிரைண்டரோ இல்லாத இடத்தில், இவ்வளவு கனமான பிளக் எதற்கு? டீச்சரிடம் கேட்டேன். "அது சும்மா, ஒரு அவசரத்துக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்றார். கணக்கு டீச்சர் பேச்சை மாற்றினால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டு வந்தோம். பழனி தன் வண்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனார். கேட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஆள் போக வர ஒரு சந்துதான் மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது தடவை போனபோது தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். பழனி இறந்துவிட்டார். முந்தின நாள் நெஞ்சு வலி என்று ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் திரும்பவில்லை. அவர் இருந்தது தெருக்கோடியில் ஒரு மொட்டைமாடி ஒற்றை அறை. படிக்கட்டு இரும்பு, சுழல் படி. வீட்டுக்காரர் உடலை மேலே ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார், ஏற்றவும் முடியாது.

உடல் வந்த ஆஸ்பத்திரி வண்டி நேராக டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தது. யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஷாமியானா போடுகிறவர் இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியை நாலு பேர் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்து, கயிற்றுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். பெட்டியை அந்தச் சந்தில் வைக்கலாம். வைத்தால் பழனியின் மனைவி உட்கார இடம் கிடையாது.

டீச்சர் தன் வாசலில் முகம் வெளுத்து நின்றார். குமாரும் மற்றவர்களும் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கட்டிய கயிறு என்று ஒருவரும் தொடவில்லை. வெங்கட்ராமன் மேல்துண்டோடு இறங்கி வந்து கேட்டருகில் நின்றார்.

ஷாமியானாக்காரருக்கு நாங்கள் யார் என்பது தெரியாது. எங்கள் கையில் ஃபைலைப் பார்த்து மேடத்திடம்தான் கேட்டார். "இன்னாம்மா இது? கயித்தக் கட்டி வெச்சிக்கினு கீறாங்க. பொட்டிய எங்க வெக்கறது?"

மேடம் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கம்பைப் பிடுங்குங்க" என்றார்.

பிடுங்கினேன். குமார் ஓடிவந்து மற்றக் கம்புகளைப் பிடுங்கினார். பெட்டி பாதாம் மரத்தடிக்குப் போனது. வரைபடத்தின்படி அது கீழ்த்தளத்தில் முதல் வீட்டின் ஹால். ஷாமியானாக்காரர் ஒயரை எடுத்துக்கொண்டு, தேடாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், சுவரில் கையை வைத்துத் தகர மூடியைத் தூக்கிப் பிளக்கைச் சொருகினார். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

பிளக் எதற்கு என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் எதையும் அளக்கவில்லை. மேடம் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பழனிக்கு ஒரு கும்பிடு போட்டார், நானும் போட்டேன்.

காரியமெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து மூன்றாவது தடவை போனோம். மேடம் எல்லோரையும் முன்வாசலுக்கே வரச் சொன்னார். வெங்கட்ராமனும் இறங்கி வந்து தள்ளி நின்றார். மேடம் செத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீடு வந்தப்புறம் இந்தத் தெருவுல ஒரு நல்லது கெட்டதுன்னா எங்க டீச்சர் செய்வீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள். செல்விதான் கடைசியில் பேசினாள்.

"எல்லாம் இங்கதான் மேடம். எம் பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தனது இங்கதான். எதிர்ச் சாரில ஃப்ளாட்டுக்காரங்களும் இங்கதான் கொண்டாந்து வெப்பாங்க. லிப்டுல பொட்டி போவாது."

வெங்கட்ராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்காத்துல அவ போனப்போ பையன் வர ரெண்டு நாள் ஆகும்னான். எங்க பில்டிங்ல அன்னிக்கு யாராத்துலயோ கிரகப்பிரவேசம். கார் பார்க்கிங்ல வைக்கப்படாதுன்னுட்டா. இந்த டீச்சர்தான் கேட்டைத் திறந்து விட்டா. இவா அத்தனை பேரும் ராத்திரியெல்லாம் அவளைச் சுத்தி உட்கார்ந்துண்டிருந்தா. போர்ஷன்லேர்ந்து இழுத்த ஒயர் அப்பப்போ கட்டாயிண்டே இருந்தது. அதுக்கப்புறம்தான் நான் ஆளைக் கூட்டிண்டு வந்து அந்தப் பிளக்கைப் போட்டேன்."

"அதை மனுவுல எழுதியிருக்கலாமே சார்?" என்றார் மேடம்.

"ஒருத்தர் ஆசையா வீடு கட்டறேன்னு கிளம்பறார். அவர்கிட்டப் போய், எனக்குப் பொணம் வைக்க இடம் விடுங்கோன்னு எப்படிச் சொல்றது? அபசகுனமில்லையோ? அதான் தீயணைப்பு வண்டின்னு எழுதினேன்."

டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் அதையே நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறார். முன்வாசலை விட்டுவிடலாம் என்று சொன்னால், தங்களுக்கு வீடு தர டீச்சருக்கு மனசில்லை என்று குடித்தனக்காரர்கள் நினைத்துவிடுவார்களோ என்று சொல்லவில்லையாம். குடித்தனக்காரர்களோ, வீடு தருகிறவரிடம் இதை வேறு கேட்பதா, அதுவும் அஸ்திவாரம் போடுமுன் இந்தப் பேச்சா என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக மொத்தம் தெருவே ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு சொல்லுக்குத் தீயணைப்பு வண்டி என்று வேஷம் போட்டு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேடம் வரைபடத்தைத் தரையில் விரித்தார். முன்வாசலை அப்படியே விட்டுவிட்டு, கட்டடத்தைப் பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ளினால் ஆறு வீடும் வரும். டீச்சரின் கட்டடக்காரர் இதை யோசிக்காமல் இல்லை. ஆனால் பக்கவாட்டில் போனால் அடுக்குமாடியின் சுவரை ஒட்டிப் போகும். அந்தச் சுவரில் கீழே கார் நிறுத்துமிடம், மேல் மாடி பூட்டிக் கிடக்கிற வீடு. நடுவில் வெங்கட்ராமனின் அடுக்களை ஜன்னல். எதிர்ப்புச் சொல்லியிருப்பவரிடம் போய் யார் அதைக் கேட்பது?

மேடம் கேட்டார். "உங்க கிச்சன் ஜன்னலுக்கு வெளிச்சம் போயிடும் சார். கைநீட்டினா எதிர்ச்சுவரைத் தொடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பகல்ல லைட் போட்டுண்டா ஆச்சு."

"அங்க நின்னுக்கினு பாத்திரம் தேய்க்கறவ நானு மாமா" என்றாள் செல்வி. "என்னை ஒரு வார்த்தை கேக்க வாணாமா?"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். வெங்கட்ராமன் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, நிஜமாகவே கேட்டார். "வாஸ்தவம்தான். நீ என்ன சொல்றே செல்வி?"

அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "லைட்டுதான மாமா. போட்டுக்கலாம்" என்றாள் பிறகு. எங்களிடம் படிக்கட்டில் சொன்ன அந்தப் பயம் அவள் முகத்திலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன்.

மேலதிகாரிகள் குழுவை இந்த ஃபைல் சுலபமாகத் தாண்டவில்லை. விதி கேட்பதைவிட முன்னால் இவ்வளவு அதிகம் ஏன் விடுகிறார்கள், அதைக் குறைத்துக்கொண்டு பின்னால் விதிப்படி விடலாமே என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். மேடம் எழுதியிருந்த நிபந்தனை இது: முன்புறத் திறந்தவெளியில் கூரை போடக் கூடாது, வாகனம் நிறுத்தக் கூடாது, தெருவாசிகளின் நல்லது கெட்டதுக்காக அது திறந்தே இருக்க வேண்டும். நல்லது கெட்டது என்று ஒரு பயன்பாடு விதிகளில் இருக்கிறதா என்று பெரிய அதிகாரி ஒருவர் கேட்டார். பின்வரிசையில் ஃபைல்களோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"விதியில இல்லை சார். தெருவுல இருக்கு" என்றார் மேடம்.

அவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டிலும் யாருக்காவது இடம் தேடி அலைந்திருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

ஆறு வீடும் வந்தன. செல்விக்கு இரண்டாவது மாடி, குமாருக்குக் கீழ்த்தளம். பாதாம் மரமும் தப்பியது. பழைய மதிலை இடித்துக் கட்டியபோது பிளக்கை அதே இடத்தில், அதே உயரத்தில் திரும்ப வைத்தார்கள். கிரகப்பிரவேசத்தன்று டீச்சர் ஜெபம் சொல்ல, மறுபக்கம் பால் பொங்க, நான் முதல் காரியமாகப் போய் அந்த மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கெட்ட பழக்கம், விடவில்லை. இந்தத் தடவை நல்ல பிளாஸ்டிக் மூடி.

வித்யா, உன் கணினி முன்னால் எவ்வளவு இடம் என்று கேட்கும். நாங்களும் பெரும்பாலும் அவ்வளவுதான் கேட்டோம். எதற்கு என்று கேட்டது சரோஜா மேடம் ஒருவர்தான், அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் அடையாறில் நாலாவது மாடியில் இருக்கிறேன். குடிவந்த அன்றே லிப்டை டேப் வைத்து அளந்தேன். எதற்கு என்று என் மனைவி கேட்டாள், சும்மா என்று சொன்னேன்.

சென்ற மழைக்காலத்தில் குமார் எனக்குப் போன் செய்தார். வெங்கட்ராமன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முன்வாசலில் ஷாமியானா. மரத்தடியில் பெட்டிக்குள் அவர், நெற்றியில் விபூதியோடு. காலடியில் டீச்சர் நாற்காலி போட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆறு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன்.

மகன் அப்போதுதான் விமான நிலையத்திலிருந்து நேராக வந்து இறங்கினான். அழுது முடித்துக் கொஞ்சம் அடங்கியதும், செல்வி அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் வீட்டில் அன்று அடுப்பு மூட்டக் கூடாது. தன் வீட்டில் போட்ட காபியை, மாடியிலிருந்து அவன் அப்பாவின் டம்ளரை எடுத்துவந்து அதில் ஊற்றியிருந்தாள். அவன் குடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு, கழுவி வைக்க அடுக்குமாடிப் படியேறிப் போனாள்.

நான் என் பழைய வழக்கப்படி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் அகலத்தில் ஒரு சந்து. நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது. சற்று நேரத்தில் முதல் மாடி அடுக்களை ஜன்னலில் டியூப் லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது.